பழியெல்லாம் ஃபிரிட்ஜ் மேல்

பால் மறுபடியும் திரிந்திருந்தது. டீயில் ஊற்றியதும் வெள்ளை வெள்ளையாக மிதந்ததைப் பார்த்துவிட்டு என் புருஷன் மெர்வ், "போதும் நோலீ. இந்தச் சனியனை இன்னைக்கே தூக்கி வெளியில போடுறேன். புதுசுதான் வந்து கெடக்கே. நானே கழட்டிடுவேன், எவனும் வர வேணாம்" என்றான்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ஃபிரிட்ஜை நினைத்துப் பயமில்லை. அது கிடக்கிறது, உள்ளே கேஸ் சுடர் எரிந்து ஓடுகிற, இருபது வருஷத்துக்கு மேல் உழைத்த பழைய ஃபிரிட்ஜ், போக வேண்டியதுதான். பயமெல்லாம் மெர்வை நினைத்து. அந்தக் குளிர்காலம் பூராவும் அந்தப் பயத்தை நான் ஒருத்தியாகவே சுமந்துகொண்டு திரிந்தேன்.

மெர்வ் டூவூம்பா நகரத்தில் பஸ் பணிமனை மெக்கானிக்காக இருந்தவன். ஏலத்தில் தள்ளிவிட்ட பள்ளிக்கூட பஸ் ஒன்றை வாங்கி, சீட்டையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, கட்டில், அடுப்பு, அலமாரி, கழிப்பறை என்று ஒவ்வொரு திருகாணியையும் தன் கையாலேயே முடுக்கியவன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டு அந்த பஸ்ஸில் ஏறினோம். இன்னும் இறங்கவில்லை. எந்த ஒயர் எந்தப் பலகைக்குப் பின்னால் போகிறது என்று கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டாலும் சொல்வான். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு காலையில் ஸ்பேனரும் கையுமாக ஒரு போல்ட்டுக்கு முன்னால் அப்படியே நின்றான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி, "நோலீ, இதை எந்தப் பக்கம் திருப்பணும்?" என்று கேட்டான்.

விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. பங்கில் டீசல் போட்டுக்கொண்டு கிளம்பியவன் ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, அதே பங்கில் கொண்டுபோய் மறுபடியும் நிறுத்தினான். டோஸ்ட்டில் தடவுவதற்குப் பற்பசையைப் பிதுக்கினான். என்னை டெல்மா என்று கூப்பிட்டான். டெல்மா அவன் தங்கை, செத்துப்போனவள். காலையில் எழுந்தால் தலை வலிக்கிறது என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பான். எனக்கும்தான் வலித்தது. கவலையில் தூக்கமில்லாமல் வருகிற வலி என்று மாத்திரையை விழுங்கிவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

அவன் அம்மா இப்படித்தான் போனாள். கடைசியில், பார்க்கப் போன பெற்ற பிள்ளையைக் காட்டி, "தோட்டக்காரன் வந்திருக்கான்" என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் சொன்னாள். மெர்வ் காருக்குள் வந்து உட்கார்ந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். டாக்டரிடம் போனால் முதல் வேலையாக லைசென்ஸைப் பிடுங்குவார்கள், பஸ் நின்றுவிடும். பஸ் நாசமாய்ப் போகட்டும். மெர்வ் போய்விடுவானே! ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே போய்விடுவானே! அதனால் நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

மூச்சு விடாமல் இருப்பது எங்கள் கூட்டத்தில் லேசுப்பட்ட காரியமில்லை. சார்லவில் ஊரின் கண்காட்சித் திடலில் குளிர்காலத்துக்கு வந்து தங்குகிற பஸ்காரர்கள், கேரவன்காரர்கள் எல்லோரும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவரவர் நாற்காலியையும் அவரவர் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்துவிடுவோம். போகாமல் இருந்தால் உடம்புக்கு என்ன என்று கதவைத் தட்டுவார்கள். அங்கே மெர்வை யார் என்ன கேட்டாலும் நான் முந்திக்கொண்டு பதில் சொல்வேன்.

"ஏன் நோலீன், அந்த மனுஷன் வாயை உன் பைக்குள்ள போட்டு ஜிப்பை இழுத்துட்டியா?" என்றாள் ரேலீன், பக்கத்து கேரவன்காரி.

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

ஆக, அன்று மெர்வ் ஸ்பேனர்களைத் தரையில் பரப்பிக்கொண்டு ஃபிரிட்ஜுக்குக் கீழே கையை விட்டபோது நான் அடுப்படியில் நின்று அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மெர்வ், சிலிண்டரை மூடிட்டியா?"

"மூடாம கை வைப்பனா? என்னைப் பச்சப் புள்ளன்னு நெனச்சியா?"

சரிதான் என்று திரும்பினேன். அடுப்பில் கெட்டில் உஸ்ஸென்று கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்புக்கும் ஃபிரிட்ஜுக்கும் ஒரே சிலிண்டர். மூடியிருந்தால் அடுப்பு எப்படி எரியும்?

அவன் ஸ்பேனர் நட்டைக் கவ்விவிட்டது. கத்தினால் திடுக்கிட்டு ஒரே இழுப்பாக இழுத்துவிடுவானோ என்று பயந்து, சத்தம் போடாமல் அடுப்பை அணைத்தேன். கீழே இறங்கி, பஸ்ஸைச் சுற்றி ஓடி, சிலிண்டர் பெட்டியைத் திறந்து வால்வைப் பிடித்துத் திருகினேன். கை வழுக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் வால்வு இறுகியது. உள்ளேயிருந்து மெர்வ் ஏதோ பழைய பாட்டை முணுமுணுப்பது கேட்டது. பஸ்ஸோடு சேர்ந்து இரண்டு பேரும் வெடித்துச் சிதறியிருப்போம், இவன் பாட்டுப் பாடுகிறான்! சிலிண்டர் பெட்டியில் சாய்ந்துகொண்டு கொஞ்சம் அழுதேன். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு நேராகக் கெல்வினிடம் போனேன்.

கெல்வின் ரேலீனின் புருஷன். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன், வாய் ஓயாதவன். "அவனுக்கு முதுகு பிடிச்சிருக்கு, சொன்னா ரோஷம் வரும். சும்மா எட்டிப் பாக்குற மாதிரி வா" என்றேன். அவன் வந்து உள்ளே தலையை நீட்டிய வேகத்தில், "டேய் மெர்வ், கேஸ் லைன்ல நீ கை வெச்சா இன்சூரன்ஸ்காரன் உன் சாம்பலுக்குக்கூட அஞ்சு பைசா தர மாட்டான். வை ஸ்பேனரைக் கீழே!" என்று ஒரு போடு போட்டான். மெர்வ் முறைத்தான். இருந்தாலும் வைத்துவிட்டான். கெல்வினுக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

ஊருக்குள்ளிருந்து கேஸ் வேலைக்கு லைசென்ஸ் உள்ள ஒரு பெண் வேனில் வந்து கேஸ் குழாயைக் கழற்றி, முனையை அடைத்து சீல் வைத்தாள். அதற்கப்புறம்தான் ஃபிரிட்ஜை அசைத்தார்கள். கெல்வின் ஒரு பக்கம், மெர்வ் ஒரு பக்கம். வருஷக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்த பசை பிரிந்து அது முன்னால் நகர்ந்தது. கெல்வின் டார்ச் அடித்துப் பின்னால் எட்டிப் பார்த்தான். ஏதோ ஜோக் சொல்லிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்திவிட்டான்.

"என்ன? எலியா?" என்றேன்.

"இங்க வா நோலீன்."

சுவர் முழுக்கக் கரி. விறகடுப்புப் புகைபோக்கிக்குள் எட்டிப் பார்த்தது மாதிரி இருந்தது. ஃபிரிட்ஜின் சூடும் புகையும் வெளியே போவதற்காக பஸ்ஸின் பக்கச் சுவரில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக ஓட்டை ஓட்டையாக ஜாலித் தகடு வைத்திருப்போம். இரண்டு ஜாலிக்கும் உள்பக்கத்தில் மெத்தை ஃபோமை வெட்டித் திணித்து, அதற்கு மேல் வெள்ளி டேப் ஒட்டியிருந்தது. டேப் கருகிச் சுருண்டிருந்தது.

"மச்சான், இதை எப்போ அடைச்சே?" என்று கெல்வின் கேட்டான். அவ்வளவு மெதுவாக அவன் பேசி நான் கேட்டதேயில்லை.

மெர்வ் ரொம்ப நேரம் யோசித்தான். "பேர்ட்ஸ்வில் ரோட்டுல... புழுதிக்காக."

புழுதி ரோட்டில் போகிற எவனும் செய்கிற காரியம்தான் அது. அந்தச் சிவப்புப் புழுதி மூடி போட்ட சர்க்கரை டப்பாவுக்குள்ளேயே புகுந்துவிடும், ஜாலி எந்த மூலைக்கு? ஓடும்போது கேஸை அணைத்துவிட்டு ஜாலியை வெளியிலிருந்து திறந்து அடைப்போம், போய்ச் சேர்ந்ததும் பிரிப்போம். மெர்வ் வெளியே ஒட்டிய டேப்பைப் பிரித்துவிட்டான். உள்ளே திணித்த ஃபோம் அப்படியே தங்கிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

"குளிருக்கு ஜன்னலையெல்லாம் சாத்திக்கிட்டு, ராத்திரி பூரா இதைக் கேஸ்ல ஓட்டியிருக்கீங்களா?" கெல்வின் முகம் வெளுத்துவிட்டது. "அடப்பாவிகளா! இந்தப் புகையில வாசனை கெடையாது. தூங்குறவன் தூங்கிக்கிட்டே போயிடுவான். என் மச்சினன் கேரவன்ல அப்படித்தான் போனான், போர்வைகூடக் கலையல. தலைவலி இருந்துச்சா உங்களுக்கு? தலைசுத்தல்? மறதி?"

"மறதியா?" என்றேன் நான்.

"ஆமா. மூளையக் கொழப்பிடும். கொஞ்சங் கொஞ்சமா உள்ள போனா ஆளு லூசு மாதிரி ஆயிடுவான்."

படியில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாள் ராத்திரியும் சாவுக்குப் பக்கத்தில் தலைகாணி போட்டுப் படுத்திருக்கிறோம். அதுவும் மெர்வ் படுப்பது ஃபிரிட்ஜை ஒட்டின பக்கம். நியாயமாக எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டிருக்க வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு வந்தது சந்தோஷம். தாங்க முடியாத சந்தோஷம். மெர்வுக்கு ஒன்றுமில்லை! அவன் அம்மாவின் வியாதி இல்லை! இந்தத் தகரப் பெட்டி செய்த வேலை!

கெல்வின் கயிறு கொண்டுவரப் போனதும் மெர்வின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். ஸ்பேனர், டீசல், டெல்மா, சிலிண்டர் எல்லாம். "உங்கம்மா மாதிரி நீ ஆயிட்டியோன்னு நெனச்சு தெனம் செத்துப் பொழைச்சேன்யா" என்றேன்.

அவன் கரிபட்ட விரலைச் சட்டையில் துடைத்தான். "எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? தெனம் காலையில பல்லு வெளக்கும்போது சொல்லிப் பாத்துக்குவேன். என் பேரு, உன் பேரு, பஸ் நம்பரு. மூணும் வந்துட்டா, சரி, இன்னைக்குத் தப்பிச்சோம்."

"ஏன்யா என்கிட்ட சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

இரண்டு பேரும் அந்தக் கரிச் சுவருக்கு முன்னால் நின்று பைத்தியங்கள் மாதிரி சிரித்தோம். எனக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் நிற்கவே இல்லை.

ஃபிரிட்ஜ் வாசல் வழியாகப் போகவில்லை. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துக் கம்பி தடுத்தது. கடைசியில் அவசர வழி ஜன்னலைக் கழற்றி, பலகை சாய்த்து, கயிற்றில் கட்டி, திடலில் இருந்த ஆம்பளைகள் அத்தனை பேரும் ஆளுக்கொரு திசையில் இழுக்கச் சொல்லிக் கத்தி, ஒருவழியாகப் புல்லில் இறக்கினார்கள். மெர்வ் போய் அதை எட்டி ஒரு உதை விட்டான். கட்டை விரலில் அடிபட்டு ஒற்றைக் காலில் குதித்தான். "நல்லா வேணும்!" என்றேன். புது ஃபிரிட்ஜ் அதே ஜன்னல் வழியாக உள்ளே ஏறியது. பேட்டரியில் ஓடுவது, நெருப்பு கிடையாது, புகை கிடையாது. சாயங்காலத்துக்குள் பீர் ஜில்லென்று ஆகிவிட்டது.

அன்றைக்கு நாற்காலி வட்டத்தில் நான் பேசிய பேச்சு இருக்கிறதே! மூடி மறைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். பற்பசை டோஸ்ட்டைச் சொன்னபோது ரேலீனுக்குப் புரையேறி பீர் மூக்கு வழியாக வந்தது. மெர்வ் எழுந்து நின்று, பல் விளக்கிக்கொண்டே பஸ் நம்பர் சொல்வதை நடித்துக் காட்டினான். எல்லோரும் கை தட்டினார்கள். கூட்டம் கலைந்ததும் எல்லோரும் போய் அவரவர் ஜாலியை டார்ச் அடித்துப் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கும் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "நல்ல காற்று பட்டா இந்த விஷம் சீக்கிரமே உடம்பை விட்டுப் போயிடும். மறதி தெளிய சில பேருக்குக் கொஞ்சம் நாளாகலாம்" என்றாள் அந்த டாக்டர் பெண். சீக்கிரம் என்கிற வார்த்தையை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன்.

எனக்குச் சீக்கிரமே போய்விட்டது. தலைவலி நின்றது. கண்ணுக்கு முன்னாலிருந்து ஏதோ திரை விலகின மாதிரி இருந்தது. சார்லவில்லை விட்டு வடக்கே கிளம்பினோம். மெர்வ் பஸ்ஸை வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி ஓட்டினான். பாருங்கள், பாருங்கள் என்று ரோட்டில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டலாம் போலிருந்தது எனக்கு. இடையில் ஒருநாள் என்னை டெல்மா என்றான். நாக்கு பழகிப்போச்சு, வேறென்ன என்று விட்டுவிட்டேன். இன்னொரு நாள் காலணியை அலமாரிக்குள் தட்டுகளோடு அடுக்கியிருந்தான். ஆம்பளை அடுக்கினால் இப்படித்தான் என்று அதையும் விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒரு மத்தியானம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். எதையும் யோசிக்கவில்லை. சும்மா அந்த ஃபோம் நினைவுக்கு வந்தது. மெர்வ் எத்தனை புழுதி ரோடு பார்த்தவன்! ஒவ்வொரு தடவையும் போய்ச் சேர்ந்ததும், டீகூடக் குடிக்காமல், முதல் வேலையாக ஜாலியைத் திறந்து ஃபோமை உருவிப் போட்டுவிட்டுத்தான் உட்காருவான். இந்தத் தடவை மட்டும் மறந்தான். புகையால்தான் மறந்தான் என்றோம். புகை வந்ததே அவன் மறந்ததால் அல்லவா?

அப்படியென்றால் மறதி முதலில் வந்திருக்கிறது.

கை தண்ணீருக்குள் அப்படியே நின்றுவிட்டது. "சீ, வாயை மூடு" என்று என்னை நானே திட்டினேன். யாரும் ஒரு தடவை மறப்பார்கள். நான் மறக்கவில்லையா? கெல்வின் சிலிண்டர் குழாயைக் கழற்றாமலே கேரவனை இழுத்துக்கொண்டு கிளம்பவில்லையா? தட்டுகளைத் துடைத்து அடுக்கினேன். ஏற்கெனவே துடைத்ததையே மறுபடியும் துடைத்தேன். பயம் பழையபடி வந்து அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டது. இந்தத் தடவை பழி போடுவதற்கு ஃபிரிட்ஜும் இல்லை.

மெர்விடம் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டொரு நாளில், நல்ல வெயிலடித்த ஒரு காலையில், வெளியே கொடி கட்டித் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தேன். மெர்வ் புது ஃபிரிட்ஜுக்கு முன்னால் தரையில் குப்புறப் படுத்திருந்தான். கன்னம் தரையோடு ஒட்டியிருந்தது. கையில் நீளமான அடுப்பு லைட்டர். டிக், டிக் என்று அழுத்திக்கொண்டிருந்தான்.

பழைய ஃபிரிட்ஜை அப்படித்தான் பற்றவைக்க வேண்டும். குப்புறப் படுத்துக் கீழேயுள்ள சின்ன ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டே பொறி போட்டால், உள்ளே பொட்டு மாதிரி ஒரு சுடர் எழும். வருஷக்கணக்கில் அவன் செய்த வேலை அது. இந்தப் பெட்டியில் ஓட்டையும் கிடையாது, சுடரும் கிடையாது.

"மெர்வ்" என்றேன். "என்ன பண்றே?"

"பத்தவே மாட்டேங்குது, நோலீ." குரலில் எரிச்சல்கூட இல்லை. வேலைக்காரனின் பொறுமையான குரல். "எத்தனை தடவை போட்டும் பிடிக்கல. என் கண்ணுக்குத் தெரியலையோ என்னவோ. நீ கொஞ்சம் குனிஞ்சு பாரேன்."

யோவ், நம்ம பழைய ஃபிரிட்ஜ் போயிடுச்சுய்யா, நீதானே உதைச்சே, கால் வலிக்குதுன்னு குதிச்சியே என்று கத்த வேண்டும் போல் இருந்தது. வாய் வரைக்கும் வந்தது. அவன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். நெற்றி முழுக்க வியர்வை. உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. என் பெயர் வந்தது. அவன் பெயர் வந்தது. மூன்றாவதாகப் பஸ் நம்பருக்கு உதடு திறந்து, ஒன்றும் வராமல் அப்படியே நின்றது.

நான் முழங்காலை ஊன்றி மெல்லக் கீழே படுத்தேன். அவன் கன்னத்துக்குப் பக்கத்தில் என் கன்னத்தைத் தரையில் வைத்தேன். ஃபிரிட்ஜுக்கு அடியில் இருட்டுதான் இருந்தது. அவன் இன்னொரு தடவை லைட்டரை அழுத்தினான்.

"தெரியுதா நோலீ?"

"தெரியுது" என்றேன். "பத்திக்கிச்சு மெர்வ். நல்லா எரியுது."

"அப்பாடா!" என்றான். லைட்டரை என் கையில் கொடுத்துவிட்டு, எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, நிம்மதியாக வெயிலுக்கு இறங்கிப் போனான்.

நான் எழுந்திருக்கவில்லை.